பாதியில் நின்ற கதிர்ச்சிகிச்சையை வேறு ஆஸ்பத்திரியில் தொடர ஏலாதா?

வெள்ளவத்தை மகள்:

வணக்கம். அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்தில புற்றுநோய். ஊர் வவுனியா. நான் இஞ்ச வெள்ளவத்தையில இருக்கிறபடியால் கொழும்புப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) வைக்கத் தொடங்கினம். பாதியளவு முடிஞ்ச நேரம் மெசின் பழுதாகி நிண்டுட்டுது. பாட்ஸ் வெளிநாட்டில இருந்து வரவேணுமாம். "கோல் பண்ணுவம், வீட்டில இருங்கோ" எண்டு அனுப்பிட்டினம்.

அங்க வேலை செய்யிற ஆக்களில நான் குறை சொல்லேல்ல. இருட்டும் வரைக்கும் நிண்டு ஆக்களைப் பாக்கிறதைக் கண்ணால கண்டனான். எனக்கு விளங்காதது ஒண்டுதான். தெல்லிப்பழையில கரண்ட் வைக்கினம், கண்டியில வைக்கினம், மட்டக்களப்பில வைக்கினம். மிச்சத்தை அங்க கொண்டுபோய் வைக்க ஏலாதா? பாங்கில ஒரு கிளையில போட்ட காசை இன்னொரு கிளையில எடுக்கிறமே, அப்பிடி ஆஸ்பத்திரிகளும் தங்களுக்குள்ள சேர்ந்து செய்ய ஏலாதா? அம்மா விடிய எழும்பிக் குளிச்சு வெளிக்கிட்டு இருக்கிறா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பௌதிகன்:

தங்கச்சி, நான் மருத்துவ பௌதிகவியலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். நீங்கள் உடனே செய்யவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். நாளைக்கே அம்மாவின் கிளினிக் கொப்பியோடு போய்க் கொன்சல்டன்டைக் கண்டு, "இந்த இடைவெளியை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள், டொக்டர்?" என்று கேளுங்கள். துடுக்கான கேள்வி என்று தயங்காதீர்கள். அவர்கள் மனதிலும் அதுதான் இருக்கும். ஆனால் நின்றுபோன நோயாளிகள் நிறையப் பேர் இருக்கும்போது, முன்னால் வந்து நிற்பவரின் கணக்குத்தான் முதலில் போடப்படும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புற்றுநோயில் வெளியிலிருந்து வைக்கும் கதிரும், பிறகு உள்ளே வைக்கும் கதிரும் சேர்ந்து 8 கிழமைக்குள் முடியவேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் மிஞ்சியிருக்கும் புற்றுக்கலங்கள் வேகமாகப் பெருகும். பிரித்தானியாவின் ரோயல் கதிரியல் கல்லூரி, கருப்பைக் கழுத்தில் பெரும்பாலும் வரும் வகையையும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களையும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. அந்த நோயாளிகளுக்கு மொத்தக் காலம் 2 நாளுக்கு மேல் நீளக்கூடாது என்பது அவர்களின் விதி.

ஈடுகட்ட வழிகள் உண்டு. மெசின் திரும்பியதும் ஒரே நாளில் இரண்டு தடவை வைக்கலாம். நல்ல திசுக்கள் தேறுவதற்கு நடுவில் குறைந்தது 6 மணித்தியாலம் விடவேண்டும். சனிக்கிழமையும் வைக்கலாம். உள்ளே வைப்பதற்கு மெசின் வேறு என்பதால், கட்டி போதியளவு சுருங்கியிருந்தால் அதை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்றும் டொக்டர் பார்ப்பார்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ரூபா எந்தக் கிளையிலும் ஒரே ரூபாதான். கதிர் அப்படி இல்லை. அம்மாவுக்குப் போட்ட திட்டம் அந்த ஒரு மெசினின் அளவீடுகளை வைத்துப் போட்டது. இன்னொரு லினாக்கில் (மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் மெசினில்) கதிரின் ஊடுருவல் கொஞ்சம் வேறாக இருக்கும், கதிரை வடிவமைக்கும் உலோகத்தகடு போன்ற இலைகளின் அகலம் வேறாக இருக்கும், திட்டமிடும் மென்பொருளும் வேறாக இருக்கலாம். கோபால்ட் மெசின் என்றால் இன்னும் வித்தியாசம். அதன் மூலகம் 5.27 வருடத்தில் பாதியாகிவிடும், அதனால் மாதம் ஒரு வீதமளவு பலம் குறைந்துகொண்டே போக, நோயாளி படுத்திருக்கும் நேரமும் நீளும். ஆகவே இடம் மாற்றினால் திட்டத்தைப் புதிதாகப் போட்டு, அளந்து சரிபார்த்துத்தான் தொடங்கலாம். அதற்கே சில நாட்கள் போய்விடும்.

ஆனால் இதையெல்லாம் மெசின் உடைவதற்கு முன்பே செய்து வைக்கலாம். இதை நான் சேவையில் இருந்த காலம் முழுவதும் சொல்லிக்கொண்டு இருந்தேன், இன்றைக்கும் சொல்கிறேன். இரண்டு ஆஸ்பத்திரிகள் ஒரே வகை மெசினை வாங்கி, இரண்டின் கதிரையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஆரம்பத்திலேயே சரிசெய்து கொண்டால், ஒன்று நின்றால் மற்றதில் அடுத்த நாளே தொடரலாம். சீ.டீ. ஸ்கான் எடுக்கும்போது நோயாளியைப் படுக்கவைக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். ஸ்கானும் திட்டமும் கோப்பாக அங்குமிங்கும் போக ஒரு பாதுகாப்பான இணைப்பு வேண்டும். பழுதான இடத்து நோயாளிகளுக்கு மற்ற இடம் எத்தனை பேரை எடுக்கும் என்று எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். இது நடக்காத கதை இல்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ் பல மெசின் வைத்திருக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இது நாளாந்த வேலை.

எங்கள் காலத்தில் இந்த ஒத்துழைப்பு முழுவதும் டெலிபோன் நட்பில் ஓடியது. யாருக்காவது அளவீடு பொருந்தவில்லை என்றால் இரவில் கோல் வரும், சனி ஞாயிறில் கதிரை அளக்கும் சின்னக் கருவியான அயனாக்க அறையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவோம். அப்படி உதவிய நண்பர்களை மறக்கமாட்டேன். ஆனால் ஒருவர் இடமாற்றம் பெற்றாலோ நாட்டை விட்டுப் போனாலோ அந்தத் தொடர்பும் அறுந்துவிடும். நோயாளியின் உயிர் இரண்டு பேரின் நட்பில் தொங்கக்கூடாது.

கல்லடிப் பாலம்:

பௌதிகன் ஐயா சொல்றது சரி. மாமாவுக்கு எலும்புக்குப் பரவி, இரவில படுக்க ஏலாத நோவு. மட்டக்களப்பில கரண்ட் வைக்கத் தொடங்காத காலம் அது. ராத்திரி பஸ்ஸில கொழும்புக்குக் கூட்டிப் போனம், பள்ளம் திட்டியில பஸ் குதிக்கக்குள்ள அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அங்க போனா ஒரே ஒரு தடவைதான் வெச்சாங்க. அந்த ஒண்டுக்கு இந்தளவு தூரமா? நோவுக்கு வைக்கிறதையாவது கிட்டக் கிட்ட வைக்கோணும், பெரிய வேலைக்குப் பெரிய இடத்துக்குப் போகலாம்.

பௌதிகன்:

கல்லடிப் பாலம், நீங்கள் சொன்னதுதான் ஒத்துழைப்பின் முதற்படி. எலும்பு நோவுக்கு 8 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) ஒரே தடவையில் கொடுப்பது, பல தடவையாகப் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாக நோவைக் குறைக்கிறது என்பது நிறுவப்பட்ட விடயம். அதற்கு நுட்பமான மெசின் தேவையில்லை. எந்த நோயாளியை எங்கே அனுப்புவது என்று ஆஸ்பத்திரிகள் கூடி முடிவெடுத்தால் மாமா போன்றவர்கள் அந்தப் பயணத்தைப் படவேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை 13:

எனக்கு மார்புப் புற்றுநோய்க்கு 15 தடவை வைத்தார்கள். இப்போது 5 தடவையிலும் முடிக்கலாம் என்று கேள்விப்பட்டேன், உண்மையா? அப்படியென்றால் கியூவும் குறையுமே?

பௌதிகன்:

உண்மை. பிரித்தானியாவில் நடந்த ஃபாஸ்ட் ஃபோர்வர்ட் ஆய்வின் முடிவு 2020 இல் வந்தது. ஆரம்பக் கட்ட மார்புப் புற்றுநோயில் ஒரு கிழமையில் 5 தடவையாக 26 கிரே கொடுப்பது, மூன்று கிழமையில் 15 தடவையாக 40 கிரே கொடுப்பதற்கு, நோய் மார்பில் திரும்பாமல் தடுப்பதில் குறைந்ததில்லை என்று கண்டார்கள். உங்களுக்குச் செய்ததும் நல்ல சிகிச்சைதான், அதில் சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் அளவு கூடும்போது பிழைக்கு இடம் குறைகிறது. திட்டத்தை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். ஒரே ஒரு பௌதிகவியலாளர் இருக்கும் பிரிவில் யார் பார்ப்பது? மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலோ கண்டியிலோ இருப்பவர் திரையில் அந்தத் திட்டத்தைத் திறந்து பார்த்தால் போதும், யாரும் பஸ் ஏறவேண்டியதில்லை. இந்தியாவில் மும்பை டாட்டா மெமோரியலை மையமாக வைத்து 2012 இல் தொடங்கிய தேசிய புற்றுநோய் வலையமைப்பில் சின்ன ஆஸ்பத்திரி டொக்டர்கள் சிக்கலான நோயாளிகளைப் பற்றி ஒன்லைனில் பெரிய குழுவோடு கலந்து பேசுகிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய நாடும் இல்லை. கைவிரலில் எண்ணக்கூடிய நிலையங்களை இணைப்பது முடியாத காரியமா?

அளவு சரியா என்று வெளியார் பார்ப்பதற்கும் ஏற்பாடு உண்டு. சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் சின்ன அளவுமானிகளைத் தபாலில் அனுப்புகின்றன. நாம் கதிர் வைத்துத் திருப்பி அனுப்பினால், வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்வுகூடத்தில் வாசித்து, வித்தியாசம் 5 வீதத்துக்குள் இருக்கிறதா என்று சொல்வார்கள். அவ்வளவு தூரத்தோடு ஒத்துழைக்க முடிந்த நமக்குப் பக்கத்து மாகாணத்தோடு முடியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது சனங்கள் கொடுப்பதில் குறைந்தவர்கள் இல்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்கள். 2016 இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குச் சேர்த்தார்கள். வடக்குக்காகத் தெற்கும் தெற்குக்காக வடக்கும் நடந்த அந்த நடைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது. இனிச் சேர்ப்பவர்கள் கட்டடத்தோடும் மெசினோடும் நிறுத்தாமல், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், உதிரிப்பாகம் முன்கூட்டியே வாங்கி வைப்பதற்கும், வாடகைக்கு அறை எடுக்க முடியாத நோயாளி தங்கும் இடத்துக்கும் சேர்க்கவேண்டும். வெள்ளவத்தையில் மகள் வீடு இருக்கிற அம்மாவுக்குப் பரவாயில்லை. இல்லாதவர்கள் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார்கள், அவர்கள் திரும்பி வருவதில்லை.

வெள்ளவத்தை மகள்:

ஐயா, போய்க் கண்டனான். டொக்டர் நல்ல மாதிரிக் கதைச்சவ. உள்ளே வைக்கிற திகதியைப் பின்னுக்குப் போடமாட்டினமாம். மெசின் சரிவந்தோடன காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா வைச்சு நாளைப் பிடிக்கலாமாம். வேற இடத்துக்கு மாத்திறதெண்டா நீங்க சொன்ன அதே காரணத்தைத்தான் சொன்னவ. அப்பிடி மாத்தவேண்டி வந்தா நான் என்ன கொண்டுபோக வேணும்?

பௌதிகன்:

நல்லது தங்கச்சி. இப்போதே இவற்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்: இதுவரை எத்தனை தடவை, எத்தனை கிரே கொடுத்தார்கள் என்ற சுருக்கம், கடைசியாக வைத்த திகதி, பயொப்சி ரிப்போட்டின் பிரதி. சீ.டீ. ஸ்கானும் திட்டமும் படமாக அல்ல, டைகொம் கோப்பாக ஒரு சீ.டீ.யிலோ பென் டிரைவிலோ வேண்டும் என்று பௌதிகவியலாளரிடம் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும். அம்மாவின் தோலில் போட்டிருக்கும் அடையாளப் புள்ளிகளைத் தேய்த்துக் குளிக்கவேண்டாம். மாறுவதென்றால் டொக்டரே அந்த இடத்துக் கொன்சல்டன்டோடு நேரில் கதைத்த பிறகுதான் கடிதத்தோடு போகவேண்டும். கடிதத்தை மட்டும் கொண்டுபோய் வெளிநோயாளர் பிரிவில் நிற்க வேண்டாம், அங்கே இன்னொரு கிழமை போய்விடும்.