மறு: ‘ஃபால்பேக் ஃபான்ட்’ – பதிலியா, போலியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலக மென்பொருளின் உதவிப் பக்கங்களில் எழுத்துரு அமைப்புப் பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதால், ‘ஃபால்பேக் ஃபான்ட்’ (தேர்ந்த எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாதபோது கணினி தானே எடுத்துக்கொள்ளும் வேறோர் எழுத்துரு) என்பதற்கான தமிழ்ச் சொல்லை மட்டும் முடித்துவிட விரும்புகிறேன்.

‘மாற்று எழுத்துரு’ போதுமே என்று ஐயா எழுதியிருந்தீர்கள். ஆனால், ஓர் எழுத்துருவுக்குப் பதிலாக இன்னொன்றைப் பயனரே குறித்துவைக்கும் அட்டவணை அதே விருப்பத்தேர்வுகளில் இருக்கிறது. ‘மாற்று’ என்ற சொல்லை அதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். நாம் பெயர் தேடுவது, பயனர் எதுவும் சொல்லாமலே நிகழும் ஒன்றுக்கு. லினக்சில், இந்திய மொழிகளும் அரபியும் சேர்ந்த பிரிவுக்குப் பல கணினிகளில் இந்தி முதலியவற்றுக்கான ‘லோகித் தேவநாகரி’ எழுத்துருதான் இயல்பாக அமைந்திருக்கும். அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. நாம் ‘கொ’ என்று தட்டியதும், கணினி அதைக் கொண்ட வேறோர் எழுத்துருவைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெயர்ப்பெட்டியிலோ லோகித் தேவநாகரியே நிற்கிறது. எதுவும் கிடைக்காதபோதுதான் வெற்றுக் கட்டங்கள் தோன்றுகின்றன.

இதற்கு நம் இலக்கணத்தில் ஆயத்தமாக உள்ள பெயர் போலி. ‘அறம்’ என்பதன் மகரத்தின் இடத்தில் னகரம் நின்று ‘அறன்’ ஆனாலும் பொருள் மாறுவதில்லை; ‘பந்தல்’ ‘பந்தர்’ ஆனாலும் அப்படியே. எழுத்தின் இடத்தில் எழுத்து நிற்க, சொல் சிதையாமல் இருப்பதை இதைவிடப் பொருத்தமாக எப்படிச் சொல்வது?

வகுப்பில் ‘போலி எழுத்துரு’ என்றால் மாணவர்கள் போலிச் சான்றிதழையே நினைப்பார்கள் என்று குழுவிலுள்ள அம்மா சொல்வதை மறுக்க முடியவில்லை. முன்மொழியப்பட்ட இன்னொரு பெயரான ‘பின்னடைவு எழுத்துரு’ ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்ததே அன்றிப் பொருளைத் தரவில்லை. ‘பதிலி’யின் வேர் அரபியின் ‘பதல்’ என்ற தடையும் உண்மையே. ஆயினும் வராதவருக்காக வந்து நிற்பவரைப் ‘பதிலாள்’ என்று ஊரெல்லாம் சொல்கிறோம், அது எவருக்கும் விளங்குகிறது.

பெரும்பாலோர் ‘பதிலி’ பக்கம் இருப்பதால் கோப்பில் ‘பதிலி எழுத்துரு’ என்றே இடுகிறேன். ‘போலி’யை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சொற்பட்டியலின் குறிப்புப் பத்தியிலாவது அது இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.