புதுப்பிப்பு: முடியை நழுவவிடாத ட்வீசர்

புருவத்தின் சின்ன முடிகளை நழுவவிடாமல், பாதியில் அறுக்காமல் பிடிக்கும் ட்வீசர் எது என்று முன்பு கேட்டிருந்தேன். சாய்ந்த முனை, கூர்முனை என்று பதில்கள் இரண்டாகப் பிரிந்தன. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். புருவத்துக்குச் சாய்ந்த முனைதான் என் தேர்வு.

ஆனால் வடிவத்தைவிட, இரு முனைகளும் சரியாகச் சேர்கின்றனவா என்பதே முக்கியம். மெதுவாக மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளிம்பு முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் மெல்லிய முடி அங்கே நழுவிவிடும். பலமாக அழுத்திச் சோதிக்காதீர்கள். அப்படி அழுத்தினால் நல்ல ட்வீசரின் கால்கள்கூட வளைந்து முனை விரியலாம். விளிம்பு கத்திபோல் கூராக இருப்பதும் வேண்டாம்: முடி வேரோடு வராமல் தோல் மட்டத்தில் அறுந்துவிடும்.

கூர்முனையைத் தூக்கிப்போடவில்லை. முள், சிராய் எடுக்க அதற்கு இணையில்லை. தோலுக்குள் சுருண்ட முடியைத் தோண்ட மட்டும் அதை எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புண்ணாகித் தழும்பு விழும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். முடி வளரும் திசையிலேயே இழுங்கள். பயன்படுத்தியபின் 70 சதவீத ஆல்கஹாலால் முனையைத் துடைத்து, உறை மாட்டி வையுங்கள். முனை தரையில் குத்தி விழுந்தால், மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.