சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் மின்சாரக் கார் தாங்குமா, பெட்ரோல் கார்தான் நம்பகமா?

செம்பனைச் சாலை:
வணக்கம். வீடு சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே, தோட்டத்து ஓரம். ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர தினமும் 70 கிலோமீட்டர். அதில் கொஞ்ச தூரம் செம்மண் சாலை, மழைக்காலத்தில் குழிதான். இப்போது ஓடுவது பெட்ரோல் மைவி. மின்சாரக் காரான புரோட்டோன் இ.மாஸ் 7 அல்லது பிஒய்டி அட்டோ 3 வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பெட்ரோல் செலவுக் கணக்கு எனக்குத் தெரியும், அதைக் கேட்கவில்லை. நடுவழியில் நிற்குமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்கெடுப்பில் மின்சாரக் காருக்குத்தான் கோளாறு அதிகம் என்கிறார்கள், இன்னொன்றில் நேர்மாறாக இருக்கிறது. வீட்டு வயரிங் பழசு, இருப்பது 13 ஆம்பியர் பிளக் மட்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபோர்மேன் ஈப்போ:
தம்பி, அந்த இரண்டு கணக்கெடுப்பும் எண்ணுவது வேறு வேறு விஷயத்தை. அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2023-இல் மின்சாரக் கார்களுக்கு பெட்ரோல் கார்களைவிட 79% அதிகக் கோளாறு என்றது. 2024-இல் அது 42% ஆகக் குறைந்தது. அது உரிமையாளர்களிடம் கேட்டு எடுப்பது. திரை உறைவது, கதவுக் கைப்பிடி வெளியே வராதது, சார்ஜ் நடுவில் நிற்பது எல்லாம் அதில் சேரும். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி எண்ணுவது சாலையில் நின்று உதவிக்கு அழைத்த வண்டிகளை மட்டும். 2024-க்கான அவர்கள் கணக்கில், 2020 முதல் 2022 வரை பதிவான கார்களில் ஆயிரத்துக்கு மின்சாரக் கார் 4.2, எஞ்சின் கார் 10.4. நீங்கள் கேட்பது நடுவழியில் நிற்பதைப் பற்றி, ஆகவே இரண்டாவது கணக்குதான் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் அவை புது வண்டிகள், குளிர் நாட்டில் ஓடியவை. அதையும் மனதில் வையுங்கள்.

அதே ஏடிஏசி கணக்கில் எந்த வகைக் காரிலும் முதல் காரணம் 12 வோல்ட் பேட்டரிதான், கிட்டத்தட்ட பாதி. மின்சாரக் காரிலும் அப்படியே. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், அதை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டரை மூடுவதற்கும் கம்ப்யூட்டர்களை எழுப்புவதற்கும் 12 வோல்ட்தான் வேண்டும். பெட்ரோல் காரில் பேட்டரி சாகப் போகும்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நாமே புரிந்துகொள்வோம். மின்சாரக் காரில் அந்த எச்சரிக்கை கிடையாது. நேற்று ஓடியது இன்று கதவே திறக்காது.

நம் ஊர் வெயிலில் ஈய அமில பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான். ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே அடிக்கடி வந்தால் மாற்றிவிடுங்கள். (லித்தியம் 12 வோல்ட் பேட்டரி வரும் வண்டிக்கு இந்த அளவு பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள்.) வண்டி 'ரெடி' நிலையில் இருக்கும்போது ஏறக்குறைய 13.5-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிசி மாற்றி வேலை செய்யவில்லை. ஹியூண்டாய், கியா கார்களில் 2024-இல் ஐசிசியு என்ற பாகத்துக்காகத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்குத்தான்.

டேஷ்கேமை பார்க்கிங் பயன்முறையில் நேரடியாக 12 வோல்ட்டில் மாட்டாதீர்கள். கைப்பேசி செயலியைத் திறந்து திறந்து பார்த்தாலும் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும். வண்டி கைக்கு வந்த அன்றே, மின்சாரம் இல்லாமல் கதவையும் முன் மூடியையும் எப்படித் திறப்பது என்று செய்து பாருங்கள்.

பழைய சாகா:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எத்தனை முறை பழுதாகிறது என்பது பாதிக் கேள்விதான். பழுதானால் எத்தனை நாள் நிற்கும் என்பது மீதி. மைவியில் ரேடியேட்டர் ஹோஸ், இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், எஞ்சின் மவுண்டிங் எது போனாலும் நம் பட்டணத்துக் கடையிலேயே சாமான் கிடைக்கும், பெரும்பாலும் அன்றைக்கே வண்டி கைக்கு வரும். மின்சாரக் காரில் ஆன்போர்டு சார்ஜர் (வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர்) போனால் யாரும் உள்ளே திறந்து பழுது பார்க்கமாட்டார்கள், முழுப் பாகத்தையும் மாற்றுவார்கள். பாகம் இருப்பில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். முன்பணம் கட்டுவதற்கு முன் ஈப்போ சர்வீஸ் மையத்தில் நேரடியாகக் கேளுங்கள்: உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் இங்கேயே இருக்கிறாரா, இல்லை வண்டியைக் கோலாலம்பூருக்கு ஏற்றி அனுப்புவீர்களா?

இன்னொன்று, எடை. மைவி ஏறக்குறைய ஒரு டன். அட்டோ 3 ஒன்றே முக்கால் டன். அதே குழியில் இறங்கினால் லோவர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், டயர் எல்லாம் சீக்கிரம் தேயும். இந்தச் சாலையில் செம்பனை மட்டை முள்ளும் கிடக்கும். மின்சாரக் கார் பலவற்றில் மாற்று டயரே வராது, பசை ஊற்றும் கிட்தான். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. இழுவை வண்டி கூப்பிட்டால் நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரிதான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கரம் தரையில் சுற்றினால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி இன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

செம்பனைச் சாலை:
நன்றி அண்ணே, இரண்டு பேர் சொன்னதும் புரிகிறது. வயரிங்? எலி? இங்கே இடியும் அதிகம்.

வயர்மேன் பேராக்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள், பிறகு சார்ஜர் வாங்கலாம். 70 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 11 யூனிட், சார்ஜ் இழப்பும் சேர்த்தால் 12 அல்லது 13. 16 ஆம்பியரில் 3.7 கிலோவாட் ஏறும், மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விற்பவர் 32 ஆம்பியர், 7 கிலோவாட் என்றுதான் சொல்வார். உங்கள் ஓட்டத்துக்கு அது தேவையில்லை. பழைய ஒற்றை ஃபேஸ் இணைப்பில் ஏர்கானும் சுடுநீர் ஹீட்டரும் ஓடும்போது 32 ஆம்பியரைச் சேர்த்தால் மெயின் தாங்குமா என்பதே சந்தேகம். 32 ஆம்பியர் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) வாங்கினாலும் 16-இல் கட்டுப்படுத்தி வையுங்கள்.

அந்த 13 ஆம்பியர் பிளக்கில் தினமும் சார்ஜ் செய்யாதீர்கள். கையடக்க சார்ஜர் 10 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய சாக்கெட்டில் உள்ளே பித்தளைப் பிடிப்பு தளர்ந்திருக்கும், அந்த இடம் சூடாகி முதலில் பிளாஸ்டிக் பழுப்பாகும், அப்புறம் உருகும். அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் புது சாக்கெட் மாற்றி, அரை மணி நேரம் கழித்து கையை வைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். நீட்டிப்பு வயர் கூடவே கூடாது.

சரியான வேலை இது: வீட்டு மின்சாரப் பகிர்வுப் பெட்டியிலிருந்து காருக்கு மட்டும் தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. 16 ஆம்பியருக்கு அது தாராளம், நாளை 32-க்கு ஏற்றினாலும் தூரம் 20 மீட்டருக்குள் இருந்தால் போதும். அதற்குத் தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் விழும் சுவிட்ச்), தனி 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்). இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஏசி வகை ஆர்சிசிபி. காரிலிருந்து டிசி கசிவு வந்தால் அது மரத்துப்போகும், உண்மையான கசிவு வரும்போது விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறியும் வசதி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை வேண்டும்.

எர்த். தோட்ட வீடுகளில் 'கார் சார்ஜ் ஏறவில்லை' என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் கம்பியைத்தான். கிளாம்ப் துருப்பிடித்து இணைப்பே இருக்காது, சார்ஜர் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கும். எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். செம்மண் காய்ந்தால் அளவு ஏறும், ஒரு கம்பி போதாவிட்டால் இடைவெளி விட்டு இரண்டாவது கம்பி அடித்து இணைக்கலாம்.

இடிக்கு, பகிர்வுப் பெட்டியில் டைப் 2 சர்ஜ் பாதுகாப்புக் கருவி. அதன் இணைப்பு வயர்கள் மொத்தம் அரை மீட்டரைத் தாண்டக்கூடாது, நீண்டால் அந்தக் கருவி இருந்தும் பயன் குறையும். மாலை மழை ஓய்ந்த பிறகு, நடு இரவுக்கு மேல் ஏறும்படி நேரம் வைத்துவிடுங்கள். இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை.

வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு வயரும் இழுக்காதீர்கள். வேலை செய்பவர் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனாக இருக்கட்டும்.

ஃபோர்மேன் ஈப்போ:
எலிக்கு நான் சொல்கிறேன். பெட்ரோல் கார் வயரையும் அது விடாது, ஆனால் அதை ஒட்டுப்போட்டு ஓட்டலாம். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயரைக் கடித்திருந்தால் டேப் சுற்றும் வேலையே கூடாது, உயிருக்கு ஆபத்து. வண்டியும் மின்கசிவைக் கண்டு கிளம்ப மறுக்கும், அந்த வயர்த்தொகுதியையே மாற்ற வேண்டும். உதிர்ந்த பழம் கிடக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். காற்று உள்ளே போகும் வழிக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை போடுங்கள். வாரம் ஒருமுறை முன் மூடியைத் திறந்து எச்சமோ காய்ந்த நாரோ இருக்கிறதா பாருங்கள். எலி கடித்த சேதத்துக்குக் காப்புறுதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெள்ளத்துக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும், சாதாரண முழுக் காப்புறுதியில் அது வராது.

வெயிலால் பெரிய பேட்டரி போய்விடுமோ என்ற பயம் பழைய நிசான் லீஃபிலிருந்து வந்தது. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிர்ப்பு கிடையாது, வெப்பமான ஊர்களில் கொள்ளளவு வேகமாகக் குறைந்தது. நீங்கள் சொன்ன இரண்டு காரிலும் பேட்டரியைக் குளிர்விக்கும் அமைப்பு உண்டு, இரண்டுமே எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. எல்எஃப்பியை வாரம் ஒருமுறை 100% வரை ஏற்றுங்கள். அதன் வோல்ட் அளவு நடுவில் ஏறாமல் இறங்காமல் நிற்பதால், முழுதாக ஏறினால்தான் மீதி எவ்வளவு என்று வண்டிக்குச் சரியாகத் தெரியும். இல்லாவிட்டால் 15% காட்டிக்கொண்டே திடீரென்று இறங்கலாம்.

பிரேக்கையும் மறக்காதீர்கள். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடிக்கும், செம்மண் சேறு சேர்ந்து, பிரேக் பட்டையை அழுத்தும் காலிப்பரின் ஊசி இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து பிரேக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கூலன்ட் குறைந்தால் பட்டணத்துக் கடையின் பச்சைத் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள், சில கார்களுக்கு மின்சாரம் மிகக் குறைவாகக் கடத்தும் தனி வகை வேண்டும்.

செம்பனைச் சாலை:
வீடு சொந்தம்தான், லயத்து வீடு அல்ல. கார் நிறுத்தும் இடம் பகிர்வுப் பெட்டியிலிருந்து 12 மீட்டர்.

வயர்மேன் பேராக்:
12 மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் போதும். கார் பதிவு செய்வதற்கு முன்பே வயர்மேனை வரவழைத்து, எர்த் அளவையும், இரவு 8 மணிக்கு எல்லா வீட்டிலும் ஏர்கான் ஓடும்போது உங்கள் வோல்ட் அளவையும் பார்த்துவிடுங்கள். 216-க்குக் கீழே போனால் மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலிடம் புகார் கொடுத்து லைனைச் சரிசெய்யச் சொல்லலாம், அதற்கு நாள் பிடிக்கும்.