‘வேலி ஆஃப் த டால்ஸ்’ நாவலை ஏன் கீழே வைக்க முடியவில்லை?

மழைக்கால வாசகி:
ஜாக்குலின் சூசனின் ‘வேலி ஆஃப் த டால்ஸ்’ (1966) நாவலை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். நடை மெருகற்றது, கண்ணீரும் கூச்சலும் அளவுக்கு மீறியே இருக்கின்றன. ஆயினும், 1945இல் நியூயார்க்கில் தொடங்கி இருபது ஆண்டுகளில் புகழேணியில் ஏறி, ‘பொம்மைகள்’ என்று தாங்களே செல்லப்பெயரிட்ட மாத்திரைகளுக்கு அடிமையாகும் ஆன், நீலி, ஜெனிஃபர் ஆகிய மூவரின் கதையை இடையில் நிறுத்த என்னால் இயலவில்லை. மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்நூலை இன்றும் படிக்க வைப்பது பிறர் வீழ்ச்சியைக் காணும் ஆவல் மட்டும்தானா?

பழைய பேப்பர்பேக்:
அந்த ஆவலுக்குச் செய்தித்தாளே போதும். சூசன் நாவலாசிரியர் ஆவதற்கு முன் பல ஆண்டுகள் மேடையிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவர்; அவர் ஏங்கிய நட்சத்திர இடம் நடிப்பில் அவருக்குக் கிட்டவில்லை. ஆகவேதான், தன்னைவிடக் கைதட்டல் பெற்றுவிடக்கூடிய இளம்பெண்ணை மூத்த நடிகை ஹெலன் லாசன் நாடகத்திலிருந்து வெளியேறச் செய்வதும், அந்த வெற்றிடத்தில் நீலிக்கு முதல் வாய்ப்புக் கிடைப்பதும், திரைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் சொல்வதுபோல ஒலிக்கின்றன. அந்த வாய்ப்பில் மகிழும்போதே, ஒருநாள் நீலியும் ஹெலனாகிவிடுவாள் என்ற அச்சம் வாசகருக்குள் புகுந்துவிடுகிறது.

ஜெனிஃபரின் பகுதியை நான் இன்றும் கலங்காமல் படித்ததில்லை. மார்பகப் புற்றுநோயால் 1962இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சூசன், 1974இல் இறக்கும்வரை அதை வெளியுலகுக்குச் சொல்லவில்லை. உடலழகைத் தவிர வேறெதற்காகவும் தன்னை ஒருவரும் விரும்பியதில்லை என்று நம்பும் ஜெனிஃபர், அதே நோய்க்கான அறுவைக்கு உடன்படாமல் உயிரை விடுவதை எழுதியபோது, அவர் தம் அச்சத்தையே எழுதினார் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் மிகையுணர்ச்சி என்று எதைச் சொல்வது?

ஊர்க்குருவி:
விளம்பரத்தின் பங்கையும் மறக்கலாகாது. சூசனும் அவருடைய கணவர் இர்விங் மான்ஸ்ஃபீல்டும் ஊர் ஊராகச் சென்று புத்தகக் கடைக்காரர்களை நேரில் சந்தித்தனர். நீலி உண்மையில் ஹாலிவுட் நடிகை ஜூடி கார்லண்ட்தானா என்ற ஊகமும் விற்பனைக்கு உதவியது. ஆனால் அந்த நடிகையின் பெயரே அறியாத தலைமுறையும் இதைப் படிக்கிறது என்பதால், பழைய பேப்பர்பேக் அவர்களின் கருத்தே எனக்கும் சரியெனப் படுகிறது.

மழைக்கால வாசகி:
இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் ஆனின் கதைக்குத் திரும்பினேன். அவள் புகழைத் தேடி வந்தவள் அல்லள். லயன் என்ற ஒருவனைத்தான் விரும்பினாள். அவனை நியூயார்க்கிலேயே இருத்திக்கொள்ள, அவனறியாமல் தன் பணத்தைக் கொடுத்து அவனைத் தொழிலில் பங்குதாரர் ஆக்குகிறாள். விரும்பியவன் கிடைத்தும்விடுகிறான். கடைசிப் பக்கங்களில், வீடு நிறைந்த புத்தாண்டு விருந்தின் நடுவே, அவன் வேறொரு பெண்ணுடன் இருப்பதை அறிந்து படுக்கையறைக்குள் போய் மாத்திரையை விழுங்கும்போது, அவள் அழுவதுகூட இல்லை.