ஸ்டிரிங்கர்: தமிழில் என்ன சொல்? (பழைய ஃபைபர் படகின் தளப் பழுது)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

1970, 80களில் அமெரிக்காவில் கட்டிய 16–18 அடி ஃபைபர் படகுகளின் ப்ளைவுட் தளம் கெட்டுப்போனால் மாற்றுவது எப்படி என்று ஒரு கையேடு தமிழாகிறது. தளத்துக்கு அடியில், முன்னிருந்து பின்பலகை வரை நெடுக ஓடும் உறுப்பு ஸ்டிரிங்கர். தளத்தைத் தாங்குவதால் "தாங்குகட்டை" என்று எழுதியிருக்கிறேன். மரம் கெடுவதற்கு "உளுப்பு". தளத்தையும் படகின் ஓட்டையும் (ஓடு, அதாவது படகின் வெளியுடல்) இணைக்கும் கண்ணாடி இழைப் பட்டைக்கு "ஒட்டுப்பட்டை". மூன்றும் சரிதானா?

— மொழிபெயர்ப்பாளர்

*

> தளத்தைத் தாங்குவதால் "தாங்குகட்டை"

ஐயா, இந்தச் சொல் படகைக் கெடுத்துவிடும். அந்த உறுப்பின் முதல் வேலை ஓட்டை விறைப்பாக வைத்திருப்பது. தளத்தைத் தாங்குவது அதற்கு அடுத்ததுதான். வேகமாகப் போகும்போது அலை அறையும், அப்போது மெல்லிய ஓடு உள்வாங்கி நெளியாமல் பிடித்திருப்பது இதுவே. "தாங்குகட்டை" என்று படிப்பவர், தளத்தைப் பிய்த்தாயிற்று, இனி இது எதைத் தாங்கப்போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி எடுத்துவிடுவார். டிரெய்லர் மேல் இருக்கும் ஓடு தாங்கலில்லாத இடத்தில் தொய்யும். தொய்ந்த நிலையிலேயே புதியதை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரம். பிறகு எந்த மோட்டாரைப் பூட்டினாலும் படகு நீர்மேல் ஒழுங்காக எழும்பி ஓடாது.

ஆகவே ஒன்றை எடுத்து, புதியதை வைத்து, ரெசின் (இழையில் ஊறி இறுகும் பசைத் திரவம்) இறுகிய பிறகுதான் அடுத்ததில் கைவைக்க வேண்டும். வெட்டுமுன் படகின் குறுக்கே நூல் கட்டி, 30 செ.மீ.க்கு ஒருமுறை நூலிலிருந்து உறுப்பின் மேல்விளிம்புக்கு உள்ள ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளவும். இந்த அளவு தவறினால் புதுத் தளம் மேடும் பள்ளமுமாக உட்காரும்.

"கட்டை"யும் வேண்டாம். இப்போது நுரையை நடுவில் வைத்து, மேலே இழை போர்த்தி, மரமே இல்லாமலும் கட்டுகிறார்கள். பழைய படகில் இழை மெல்லியது, மரமும் சுமையைப் பகிர்ந்துகொண்டது. நுரைக்கு மாறுகிறவர் இழை அடுக்கைக் கூட்டியே ஆக வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் சொல்லாக "நெடுவங்கு" என்று வைக்கலாம்.

— படகுப் பட்டறையிலிருந்து

*

உளுப்பு என்றால் பூச்சி அரித்துப் பொடியாவது. இங்கே நடப்பது பூஞ்சையால். யாழ்ப்பாணத்தில் "மரம் உக்கிப் போச்சு" என்று சொல்லுவம்; "உக்கல்" என்று வையுங்கோ. உளுப்பு என்று வாசிப்பவர் பூச்சிமருந்து தேடிப் போவார். உக்கல் என்றால் ஈரம் எங்கேயிருந்து வந்தது என்று பார்ப்பார், அதுதான் வேண்டியது. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது.

தண்ணி இறங்குகிற வழிகளையும் கையேட்டில் சேருங்கோ: இருக்கையின் திருகாணித் துளை, ரெசின் பூசாமல் விட்ட வெட்டு விளிம்பு, இழை போர்த்தாத அடிப்பக்கம், நுரை அடைத்துக்கொண்ட வடிகால் துளை. தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த நுரை ஈரம் குடித்தால் காயவைக்க முடியாது, எடுக்கத்தான் வேணும். ஆனால் எடுத்ததோடு விட்டால் படகு மிதப்பை இழக்கும். ஒரு கன அடி நுரையின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, அது தாங்குவதோ சுமார் 27 கிலோ.

— யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

*

"உக்கல்" அருமை, ஏற்கிறேன். "நெடுவங்கு"தான் இடறுகிறது. மரப்படகில் வங்கு என்பது விலா எலும்பு போலக் குறுக்கே வளைந்து நிற்பது. நெடுக ஓடுவதை வங்கு என்றால் கடற்கரையில் சிரிப்பார்களே?

— மொழிபெயர்ப்பாளர்

*

சிரிக்க மாட்டார்கள் ஐயா. "நெடு" என்ற அடையே திசையைச் சொல்லிவிடுகிறது. ஓட்டோடு ஒட்டி நின்று வடிவம் காப்பது வங்கு, அது நெடுக ஓடினால் நெடுவங்கு. வங்கு என்று கேட்டதும் எந்தக் கடலோரத் தச்சரும் அதைப் பிடுங்குமுன் யோசிப்பார். எனக்கு அந்த எச்சரிக்கை முக்கியம்.

"ஒட்டுப்பட்டை"க்கு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயர் மேலே ஒரு நாடாவை ஒட்டிவிட்டால் போதும் என்று தோன்றச் செய்கிறது. இரு பக்கமும் அணைத்துப் பிடிக்க வேண்டியது என்பதால் "அணைப்பட்டை" என்கிறேன். செங்கோண மூலையில் இழை மடங்காது, அடியில் காற்று நிற்கும், அங்கேதான் பிற்பாடு பிரியும். அதனால் முதலில் ரெசினும் சிலிக்காத் தூளும் குழைத்த மூலைச்சாந்து. மொட்டைமாடியில் தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் இடத்தில் கொத்தனார் வளைத்துப் பூசுவாரே, அதே மாதிரி, சுமார் 10 மி.மீ. வளைவு. அதன்மேல் 10, 15, 20 செ.மீ. அகலப் பட்டைகள், ஒன்றன் விளிம்பு அடுத்ததன் விளிம்பில் விழாதபடி.

பழைய ஓட்டை 36 அல்லது 40 எண் உப்புத்தாளால் பளபளப்பு முழுதும் போகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே இதெல்லாம். பெயிண்ட் மேலோ எண்ணெய்ப் பசை மேலோ போட்ட பட்டை கையோடு உரிந்து வரும். வெட்டிய இழைகளைப் பசையால் சேர்த்த மேட் விரிப்புக்குப் பாலியஸ்டர் ரெசின் சரி. எப்பாக்சி ரெசின் போடுகிறவர் மேட்டைத் தவிர்த்துத் துணி நெசவை வாங்க வேண்டும், பெரும்பாலான மேட்டின் பசை எப்பாக்சியில் கரையாது.

ஒன்றைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். நம் ஊரில் பாலியஸ்டர் ரெசினோடு கோபால்ட் முடுக்கியும் வினையூக்கியும் தனித்தனிப் புட்டியில் வரும். முடுக்கியை ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்தான் வினையூக்கி, கிலோவுக்கு 10–20 கிராம். இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும்.

— படகுப் பட்டறையிலிருந்து

*

மனநிறைவாக ஏற்றுக்கொண்டேன். நெடுவங்கு, உக்கல், அணைப்பட்டை, மூலைச்சாந்து. திருத்திய பகுதி இதோ:

"தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டவும், மொத்தென்று ஒலிக்கும் இடத்தில் 4 மி.மீ. துளையிடவும். ஈரமான கருந்தூள் வந்தால் உக்கல். வட்ட ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மட்டும் வைக்கவும், அடியில் எரிபொருள் தொட்டியும் கம்பிகளும் இருக்கலாம். ஓரத்தில் 5 செ.மீ. விட்டு வெட்டினால் பழைய தளத்தின் மட்டம் தெரியும். நெடுவங்குகளையும் துளையிட்டுச் சோதித்து, உக்கியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, அணைப்பட்டையால் இருபுறமும் பிணைக்கவும். புதுத் தளத்துக்கு 12 மி.மீ. மரைன் ப்ளைவுட். 1.5 × 2.4 மீட்டர் தளத்துக்கு அடியில் ஓர் அடுக்கு, மேலே இரண்டு என, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் போர்த்தினால் மேட் சுமார் 5 கிலோ, ரெசின் 12 கிலோ. சேதாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வாங்கவும். அடிப்பக்கத்தையும் விளிம்புகளையும் பொருத்துமுன்பே பூசி முடிக்கவும். திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, குழைத்த எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளையிடவும்."

— மொழிபெயர்ப்பாளர்