11 மி.மீ. கல்லுக்கு லேசர்: உள்ளே சுட்டுவிடாதா?

தென்காசிக்காரன்:
அப்பாவுக்கு 61 வயது. இடது பக்கம் கல்லடைப்பு. சி.டி. ஸ்கேனில் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 11 மி.மீ. கல், அடர்த்தி 1,300 ஹெச்.யு. (ஸ்கேனில் கல்லின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) என்று வந்திருக்கிறது. லேசரில் உடைத்து, சிறுநீர் வடிய உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். அப்பாவோ, "நெருப்பை உள்ள விடுவானுங்களா? வாழைத்தண்டு ஜூஸ் போதும்" என்று அடம்பிடிக்கிறார். வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்து உடைப்பார்களே, அது சரிப்படாதா?

தியேட்டர் டெக்னீஷியன்:
எனக்கு யூராலஜி தியேட்டரில்தான் வேலை. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஹோல்மியம் லேசரின் அலைநீளம் 2,100 நானோமீட்டர். தண்ணீர் அதை அப்படியே உறிஞ்சிவிடும். லேசரை உள்ளே கொண்டுபோகும் கால் மி.மீ. தடிமனுள்ள இழையின் நுனியிலிருந்து அரை மி.மீ. போவதற்குள் வேகம் அடங்கிவிடும். அதனால்தான் நுனியைக் கல்லில் ஒட்டிவைத்துச் சுடுகிறார்கள். சூடேறாமல் இருக்க சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். லேசர் கண்ணுக்குத் தெரியாது, வழிகாட்ட ஒரு பச்சைப் புள்ளி மட்டும் கல்லின் மேல் நிற்கும். டக் டக்கென்று சத்தம், திரை முழுக்க வெள்ளைப் பொடி. கொஞ்ச நேரம் டாக்டருக்கே ஒன்றும் தெரியாது, பொடி அடங்கட்டும் என்று காத்திருப்பார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மேல்பகுதிக் கல் சில சமயம் சலைன் வேகத்தில் சிறுநீரகத்துக்குள்ளேயே ஓடிப்போய்விடும். அப்போது துரத்திப் பிடிக்க வளையும் ஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வேண்டும். அது அங்கே இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளி அதிர்வு 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கியது, நல்ல வைத்தியம்தான். ஆனால் 1,000 ஹெச்.யு. தாண்டிய கல் அதற்கு லேசில் மசியாது. வாழைத்தண்டா? 4, 5 மி.மீ. கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பேர் வாழைத்தண்டுக்குப் போகும்!

மதுரை மாமா:
தம்பி, லேசர் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மயக்கத்தில் கிடந்தேன். படுத்தியது ஸ்டென்ட்தான். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் விலாவில் ஒரு இழுப்பு, போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் முட்டும். பைக்கில் போனால் சிறுநீர் சிவப்பாக வரும். டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்சம் அடங்கியது. எடுக்கும் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வலி பழகிப்போய் மறந்தே விடுகிற ஆட்களும் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்துவிடுமாம்.

தென்காசிக்காரன்:
நன்றி மாமா. அப்பாவுக்கு இதயத்துக்காக ஆஸ்பிரின் ஓடுகிறது. திங்கட்கிழமைதான் டாக்டரைப் பார்க்கிறோம், அதுவரை பொறுக்கலாமா?

தியேட்டர் டெக்னீஷியன்:
மாத்திரைச் சீட்டை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வலி மட்டும் என்றால் டாக்டர் கொடுத்த மாத்திரையோடு திங்கள்வரை ஓட்டலாம். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ நடுராத்திரி என்றாலும் கூட்டிப் போங்கள். அடைத்த சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் முதலில் ஸ்டென்ட் வைத்து வடியவிடுவார்கள், லேசரெல்லாம் காய்ச்சல் இறங்கிய அப்புறம்தான்.