எங்கள் வீட்டு ஹீட் பம்ப்: கையிலிருந்து போனது எவ்வளவு

ஹாரோ, லண்டன்

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின் கருவி. அதைப் போட, அரசின் 7,500 பவுண்ட் கிராண்ட் கழித்து நாங்கள் கட்டியது 7,100. சில்லறைச் செலவு இன்னொரு 830. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் விசாரித்தபோது யாரும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை.

எங்களுடையது 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி டிடாச்ட் வீடு. 17 வருடப் பழைய கேஸ் காம்பி பாய்லர் அடிக்கடி நின்றுபோனதால் 2024 அக்டோபரில் ஹீட் பம்ப் போட்டோம். ஒருவர் வீட்டுக்கே வராமல், போனில் நாலு கேள்வி கேட்டுவிட்டு 12 கிலோவாட் பம்ப், 17,900 என்று கொட்டேஷன் அனுப்பினார். இன்னொருவர் வந்து மூன்று மணி நேரம் இருந்தார். அறை அறையாகச் சுவர், சன்னல், லாஃப்டில் இருந்த இன்சுலேஷன் எல்லாம் அளந்தார். வெளியே மைனஸ் 2 டிகிரி இருக்கும்போது வீடு இழக்கும் வெப்பம் 7.2 கிலோவாட் என்று வந்தது. 8 கிலோவாட் பம்ப் போதும், மொத்தம் 14,600 என்றார். அவரிடமே கொடுத்தோம்.

அந்த 14,600இல் தோட்டத்தில் நிற்கும் பெட்டிக்குப் போனது பாதிகூட இல்லை. மீதியெல்லாம் வீட்டுக்குள்ளே போனது. பாய்லர் 70 டிகிரியில் தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட 45 டிகிரிதான் சரி. அதே சூடு வேண்டுமென்றால் ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். எட்டில் ஐந்தை மாற்றினோம். காம்பிக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது, இதற்கு 210 லிட்டர் சுடுதண்ணீர் சிலிண்டர் வேண்டும். அரிசி மூட்டையும் பெரிய கிடாரமும் இருந்த மாடி அலமாரி அதற்குப் போய்விட்டது. அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அப்புறம் அந்த 830: எலக்ட்ரீஷியனுக்கு 480, கார்ப்பெட்டைத் தூக்கி மறுபடி போட்டதற்கும் பெயிண்டுக்கும் 350. விற்பனை வரி (VAT) இல்லை; 2027 மார்ச் வரை அது பூஜ்யம்தான்.

கிராண்டுக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. எம்.சி.எஸ். என்ற தரச் சான்று உள்ள நிறுவனமே, எரிசக்தித் துறையைக் கவனிக்கும் ஆஃப்ஜெமுக்கு எழுதிப் பில்லில் கழித்துவிடும். முழுத் தொகையைக் கட்டுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

லெஸ்டரிலிருந்து ஒரு பதில்

அண்ணா, உங்களுக்குக் குழாய் நன்றாக இருந்திருக்கிறது. எங்களது 1970களின் வீடு. ரேடியேட்டருக்குப் போகும் குழாய் 8 மில்லிமீட்டர், விரல் தடிமன்கூட இல்லை. ஹீட் பம்புக்குத் தண்ணீர் வேகமாகச் சுற்ற வேண்டும், அதில் சுற்றாது. கொட்டேஷன் கொடுத்தவர் அதைப் பார்க்கவே இல்லை. வேலைக்கு வந்தவர்கள் தரைப் பலகையைக் கழற்றிய பிறகுதான் சொன்னார்கள். மாடி முழுக்கக் குழாய் மாற்ற 3,200 கூடிற்று. கிராண்ட் போக 11,300 கட்டினோம். பாய்லரைக் கழற்றியாகிவிட்டது, வீட்டில் ஆறு மாதக் குழந்தை, நவம்பர் குளிர். மாட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. கையெழுத்துப் போடும் முன்னால் குழாய் அளவைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கிளாஸ்கோ

மேலே சொன்ன கிராண்ட் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் நாமே ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து என்ற அரசு உதவி அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். 7,500 வரை கிராண்ட், அதற்கு மேல் இன்னொரு 7,500 வரை வட்டியில்லாக் கடன். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் வேலை தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. நாங்கள் காத்திருந்தோம், கடனை இப்போது மாதாமாதம் கட்டி வருகிறோம்.

குரொய்டன்

எங்கள் பக்கவாட்டு வழி ஒடுக்கம், வேலிக்கு ஒரு மீட்டர் தள்ளிப் பெட்டியை வைக்க இடமில்லை. பிளானிங் அனுமதி கேட்க வேண்டுமா? மாத பில் எப்படி வருகிறது?

ஹாரோ

அக்கா, இங்கிலாந்தில் அனுமதி கேட்காமல் வைக்க ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற அந்த விதியை 2025 மே கடைசியில் எடுத்துவிட்டார்கள். சத்தத்துக்கான அளவு மட்டும் இன்னும் இருக்கிறது, நிறுவுபவரே கணக்குப் போடுவார். எங்கள் நேரத்தில் விதி இருந்ததால் பெட்டியைப் பின்பக்கம் வைத்தோம்.

பில்லை உள்ளபடியே சொல்கிறேன். முன்பு வருடத்துக்கு 13,500 யூனிட் கேஸ், சுமார் 840 பவுண்ட். இப்போது ஹீட் பம்புக்கு 3,400 யூனிட் கரண்ட், சுமார் 850. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் கிடைக்கிறது, ஆனால் கரண்ட் விலை கேஸைப்போல நாலு மடங்கு. மிச்சம் வருவது கேஸ் இணைப்பையே நிறுத்தினால்தான்: நாளுக்கு 30 பென்ஸ் நிலைக்கட்டணம், வருடத்துக்கு 110 பவுண்ட் வரை. அதற்கு கேஸ் அடுப்பை விட வேண்டும். முதல் வருடம் அம்மா விடவில்லை. இந்த ஏப்ரலில் இண்டக்ஷன் வைத்தோம். இரும்புத் தோசைக்கல் அதில் நன்றாகவே சூடாகிறது, மண்சட்டிதான் ஆகாது.

ரேடியேட்டரைத் தொட்டால் சுடாது, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அம்மா முதல் வாரம் முழுக்க இரவில் அணைத்து, காலையில் குளிருகிறது என்று கூட்டி வைத்தார். அந்த வாரம்தான் கரண்ட் அதிகம் போனது. இப்போது இரவும் பகலும் 20 டிகிரியில் ஓடுகிறது, யாரும் கை வைப்பதில்லை.